நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) தெய்வங்களின் வீடுகள்: கேள்வி பதில்

போரில் இறந்த வீரர்கள் எல்லோரும் ஓடினின் மாளிகையான வால்ஹாலாவுக்குத்தான் போவார்களா?

இல்லை. பாதிப் பேரை ஃப்ரேயா என்ற பெண் தெய்வம் தன் ஃபோல்க்வாங் வெளிக்கு அழைத்துக்கொள்வாள். மீதிதான் தெய்வங்களின் தலைவன் ஓடினுக்கு. வால்ஹாலாவைப் பற்றியே எல்லோரும் பேசி, ஃப்ரேயாவின் பங்கை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

வால்ஹாலா எப்படி இருக்கும்?

ஈட்டிகளே கைமரங்கள், கேடயங்களே கூரை, பெஞ்சுகள் மேல் கவசங்கள் இறைந்து கிடக்கும். மேற்கு வாசலில் ஓர் ஓநாய் தொங்கும். தினமும் வெட்டிச் சமைக்கும் பன்றி சேஹ்ரிம்னிர், மாலைக்குள் முழு உயிரோடு எழுந்துவிடும். ஓடின் அதில் ஒரு துண்டுகூடச் சாப்பிடுவதில்லை. தன் பங்கை கெரி, ஃப்ரெகி என்ற இரண்டு ஓநாய்களுக்குப் போட்டுவிட்டு திராட்சை மது மட்டும் குடிப்பான்.

540 வாசல், வாசலுக்கு 800 வீரர். பெருக்கினால் 4,32,000. கலியுகக் கணக்கும் அதுதானே?

பலரும் கேட்பது இது. ஆனால் பழைய நார்ஸ் மக்கள் ‘நூறு’ என்று 120-ஐயும் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் 540 என்பது ஐந்து 120-உம் நாற்பதும் சேர்ந்து 640 வாசல், 800 என்பது எட்டு 120, அதாவது 960 வீரர், பெருக்குத்தொகை 6,14,400. இந்த ஒற்றுமையை நம்பி உறவு கொண்டாட வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்த விவரமெல்லாம் எங்கே இருக்கிறது?

முக்கியமாக ‘க்ரிம்னிஸ்மால்’ பாடலில். மாறுவேடத்தில் வந்த ஓடினை கெய்ரோத் என்ற அரசன் இரண்டு தீகளுக்கு நடுவே எட்டு இரவு உட்காரவைக்கிறான். அரசனின் சின்னப் பையன் அக்னார் மட்டும் இரக்கப்பட்டு, குடிக்கக் கொம்பு நிறையக் கொடுக்கிறான். மேலங்கி தீப்பிடிக்கும் அந்த நேரத்தில்தான் ஓடின் தெய்வங்களின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறான். வெறும் பட்டியலாக அதைப் படிப்பவர்கள் இந்த வேதனையைத் தவறவிடுகிறார்கள்.

கணவனும் மனைவியும் வீட்டுக்காகப் பிரிந்த கதை உண்டாமே?

கணவன் நியோர்ட், மனைவி ஸ்காடி. அவனுக்குக் கடலோர நோவாதூன், அவளுக்கு மலைமேல் த்ரிம்ஹைம். மலையில் ஒன்பது இரவு, அப்புறம் கடலோரத்தில் சில இரவு என்று மாறி மாறி இருந்து பார்த்தார்கள். அவனுக்கு ஓநாய் ஊளை பிடிக்கவில்லை. கடற்பறவை கத்தலில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. கடைசியில் ஸ்காடி மலைக்கே திரும்பிவிட்டாள். தெய்வக் கதைகளில் இவ்வளவு உண்மையான தாம்பத்தியச் சிக்கல் அபூர்வம்.

பொன்னும் வெள்ளியும் இல்லாத வீடு உண்டா?

விடாரின் இடம். அங்கே புதரும் உயரமான புல்லும்தான். அங்கிருந்து புறப்பட்டுத்தான் அவன் உலகம் அழியும் ராக்னரோக் போரில், ஓடினைக் கொன்ற ஃபென்ரிர் ஓநாயின் தாடையை மிதித்துக் கிழித்து, தந்தை ஓடினுக்காகப் பழி தீர்ப்பான்.