‘வெறும்’ அறுபது பேர்

கேள்வி: பெங்களூரு இந்திராநகரில், ஒரு மாடியறையில் நடந்த ராக் இசை நிகழ்ச்சிக்கு நண்பர் அழைத்ததால் போனேன். டிக்கெட் 600 ரூபாய். வந்திருந்தவர்கள் வெறும் அறுபது பேர். குழுவினர் பாடியதெல்லாம் அவர்களுடைய சொந்தப் பாடல்கள். எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து யூடியூபிலேயே கேட்டிருக்கலாமோ?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் கேள்வியில் சுருக்கென்று தைத்தது ‘வெறும்’ என்ற சொல். வெறும் வயிறு, வெறுங்கை, வெறுஞ்சோறு என்று இல்லாமையைச் சொல்வதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் அது. மறுநாள் வேலை இருந்தும், காசு கொடுத்து, முன்பின் கேட்டிராத பாட்டைக் கேட்க வந்த அறுபது பேருக்கு முன்னால் அதை வைக்க எப்படி மனம் வந்தது? அறுநூறு நாற்காலி போட்ட சபாக்களில் முன்வரிசைகளை ஓசி பாஸ்காரர்கள் நிரப்புகிறார்கள். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறார்கள். அந்தக் காலி நாற்காலிகளுக்குக் கொடுங்கள் ‘வெறும்’ என்ற அடைமொழியை.

ஓசி பாஸைப் பற்றி எழுதும்போதெல்லாம் கோபக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும். அறுபது டிக்கெட் என்றால் 36,000 ரூபாய். அரங்குக்காரரின் பங்கு, ஒலியமைப்பாளரின் சம்பளம், வண்டி வாடகை, நான்கைந்து பேரின் சாப்பாடு எல்லாம் அதற்குள். மிஞ்சுவது ஒத்திகை அறை வாடகைக்குக்கூடப் போதாது. அப்படிப்பட்ட குழுவிடம் “தெரிந்தவன்தானே, பாஸ் கிடைக்குமா?” என்று கேட்பது அவர்கள் தட்டில் கைவைப்பது. நீங்கள் டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்கு என் வணக்கம்.

யூடியூபுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் இதே போன்ற ஓர் அறையில், மேடையிலிருந்து ஆறடி தூரத்தில் நின்றிருந்தேன். மேடை என்பது முழங்கால் உயரப் பலகை. டிரம்ஸ் நழுவாமலிருக்க அடியில் பழைய கம்பளம். பாடல் வரிசையை நோட்டுத் தாளில் எழுதித் தரையில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கிடார் தந்தி ஒன்று அறுந்தது. டிரம்ஸ்காரரும் பேஸ் கிடார் வாசித்த பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே நான்கு தட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார்கள். கிடார்க்காரர் தரையில் உட்கார்ந்து புதுத் தந்தியைக் கோத்து, முறுக்கி, காதைக் கிடாரின் மரத்தில் ஒட்டி வைத்துச் சுருதி பார்த்தார். மூன்று நிமிடம் இருக்கும். அறையில் ஒருவரும் நகரவில்லை. அவர் எழுந்து பாட்டின் விட்ட இடத்தில் நுழைந்தபோது எழுந்த கூச்சலை நான் எந்தப் பெரிய அரங்கிலும் கேட்டதில்லை. யூடியூபில் ஏற்றுபவர் முதலில் வெட்டி எறிவது அந்த மூன்று நிமிடத்தைத்தான்.

ஃபுகாசி என்று வாஷிங்டன் நகரத்துக் குழு ஒன்று. 1987 செப்டம்பரில் முதல் நிகழ்ச்சி. பின்னாளில் பெரிய கூட்டம் சேர்ந்தபோதும் டிக்கெட்டைப் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தார்கள். எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். கூட்டத்தில் யாராவது மற்றவர்களை இடித்துத் தள்ளினால் பாட்டையே நிறுத்தி, காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கேட்க வந்தவர் ஒவ்வொருவரையும் எண்ணிக்கையாகப் பார்க்காமல் ஆளாகப் பார்த்தவர்கள். அதனால் அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

நீங்கள் நின்ற அந்த மாடியறை இன்னும் திறந்திருப்பதே பெரிய காரியம். நேரடி இசை நடத்தும் இடங்கள் உரிமம் வாங்க வேண்டும் என்ற பெங்களூரு காவல்துறையின் 2005ஆம் ஆண்டு ஆணை செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, உரிமம் இல்லாத பல இடங்களில் நேரடி இசை நின்றுபோனது. உங்கள் இந்திராநகரிலேயே இளம் குழுக்களுக்கு மேடை கொடுத்துவந்த ‘தி ஹம்மிங் ட்ரீ’ 2019இல் மூடப்பட்டது. சினிமா நட்சத்திரத்தின் விழாவுக்கு மைதானம் கொடுக்கும் ஊர்களில், சொந்தமாகப் பாட்டு எழுதும் நான்கு பேருக்கு ஓர் அறை கிடைப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த இளைஞர்களோடும் எனக்குச் சண்டை உண்டு: சத்தம். கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கிகளை நான் இந்தப் பக்கத்தில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். பக்கத்து இலைக்காரரிடம் “சாம்பார் வந்ததா?” என்று கேட்கக் கத்த வேண்டியிருக்கிறது. இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. சின்ன அறையில் அதைத் தாண்டுவது சுலபம். காதில் பஞ்சு வைத்தால் போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

தெரியாத பாட்டு என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். படியிறங்கும் இடத்தில் ஒருவர் மேசை போட்டு டி-ஷர்ட் விற்றிருப்பாரே, கவனித்தீர்களா? பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு முன்பு மேடையில் பாடிய அதே ஆள்தான். அடுத்த முறை அவரிடம் நின்று, எந்தப் பாட்டு பிடித்தது என்று சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் என்ன, “மூன்றாவதாகப் பாடினீர்களே, அது” என்றால் போதும். அவருக்குத் தெரியும்.