உப்பிய பிறகும் ஓவனில் இருக்கட்டும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பேக்கிங் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இந்தக் கோடையில் குடும்பத்தோடு மெய்ன் மாநிலத்தின் அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கே ஜோர்டன் பாண்ட் ஹவுஸில் பாப்ஓவர் சாப்பிட்டோம். பூரி மாதிரி உப்பி, உள்ளே வெறும் காற்றாக, சுடச்சுட வந்தது. பிள்ளைகள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்த்தேன். ஓவனுக்குள் அழகாக எழும்பியது. பொன்னிறமானதும் வெளியே எடுத்தேன். மேசைக்கு வருவதற்குள் அமுங்கிவிட்டது, உள்ளே ஈரமாக இருந்தது. அடுத்த முறை பயந்துபோய் கொஞ்சம் பேக்கிங் பவுடர் சேர்த்தேன். மஃபின் மாதிரி வந்தது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நண்பர் குடும்பம் சாப்பிட வருகிறது. சூப், ரோஸ்ட் சிக்கன் என்று திட்டம். கூடவே ரொட்டிக்குப் பதிலாக பாப்ஓவர் வைக்க ஆசை. முன்கூட்டியே செய்து வைக்கலாமா? அதற்கென்று தனி ட்ரே வேண்டுமா? பச்சைமிளகாய், மிளகு எல்லாம் போடலாமா? எங்களோடு இருக்கும் மாமியார் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். முட்டை இல்லாமல் செய்ய வழி இருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகி, நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

அன்புள்ள தோழிக்கு,

'பொன்னிறமானதும் வெளியே எடுத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாப்ஓவர் அமுங்கியதற்கு அதுதான் காரணம். மாவில் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. இன்னும் பதினைந்து நிமிடமாவது அது உள்ளே இருந்திருக்க வேண்டும்.

பாப்ஓவர் மாவில் ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. முட்டை, பால், மைதா, உப்பு, கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான். அதைத் தூக்கி நிறுத்துவது நீராவி. தண்ணீர் ஆவியானால் அதன் கன அளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும். ஓவனில் நன்றாகச் சூடேறிய ட்ரேயின் கிண்ணத்தில் மாவு விழுந்ததும் ஓரம் முதலில் இறுகிவிடுகிறது, நடுப்பகுதி இன்னும் நீர்க்கவே இருக்கிறது. அங்கே உண்டாகும் ஆவிக்குப் பக்கவாட்டில் போக வழியில்லை, அதனால் மேலே தள்ளுகிறது. சின்னச் சின்னக் குமிழ்களெல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே பெரிய பொந்தாகிவிடும். முட்டையின் புரதமும் மைதாவின் குளூட்டனும் அந்த இழுப்புக்கு நீண்டு கொடுக்கும், அப்புறம் சூட்டில் இறுகிச் சுவராக நிற்கும்.

நீங்கள் பூரியைச் சொன்னது சரியான ஒப்பீடு, அதுவும் ஆவியில்தான் உப்புகிறது. ஆனால் பூரி அமுங்கினால் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை, மெத்தென்று பிய்த்துச் சாப்பிடுகிறோம். பாப்ஓவர் நின்றால்தான் பாப்ஓவர். முதல் இருபது நிமிடத்தில் அது முழு உயரத்துக்கு எழும்பிவிடும். அப்போது வெளியே பார்க்க முடிந்துபோனது போலத் தெரியும். ஆனால் சுவரின் உட்பக்கம் இன்னும் நனைந்த துணியாகத்தான் இருக்கிறது. வெளியே எடுத்ததும் ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகிறது, உள்ளிருந்து தாங்கிய அழுத்தம் போய்விடுகிறது, ஈரச் சுவர் மடிந்துவிடுகிறது. சுவரைக் காய வைக்கத்தான் அந்த இரண்டாவது பதினைந்து, இருபது நிமிடங்கள்.

வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேல்தலையைப் பார்க்காதீர்கள், அது சீக்கிரமே சிவந்துவிடும். பக்கவாட்டைப் பாருங்கள். மாவு எழும்பியபோது கிழிந்த இடங்களில் கோடு கோடாக வரிகள் தெரியும். அந்த வரிகள் வெளிர் மஞ்சளாக, பளபளவென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவையும் தேன் நிறத்துக்கு வந்து பளபளப்பு அடங்க வேண்டும். தலை நல்ல பழுப்பாகும்வரை விடுங்கள், பயப்பட வேண்டாம். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் லேசாக இருக்கும், விரலால் தட்டினால் காலிப் பெட்டிச் சத்தம் வரும்.

பேக்கிங் பவுடரை மறந்துவிடுங்கள். அது மாவு முழுக்கச் சின்னக் குமிழ்களைப் பரப்பிவிடும். ஆவி ஓர் இடத்தில் திரண்டு தள்ளுவதற்குப் பதில் அந்தப் பொடித் துளைகளிலேயே கசிந்து போய்விடுகிறது. உங்களுக்கு மஃபின் வந்தது அதனால்தான்.

இனி அளவு. ஆறு பாப்ஓவருக்கு மைதா ஒரு கப், அதாவது 120 கிராம். இங்கே கடையில் ஆல் பர்பஸ் என்று விற்பதுதான். முழுக் கொழுப்புப் பால் ஒரு கப், 240 மில்லி. பெரிய முட்டை மூன்று, உப்பு அரை டீஸ்பூன், உருக்கிய வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே உடைக்காதீர்கள், வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். பாலை வெதுவெதுப்பாகச் சுட வையுங்கள். ஜில்லென்ற மாவு கிண்ணத்தின் சூட்டை உறிஞ்சிவிடும், ஆவி கிளம்பவும் தாமதமாகும். எல்லாவற்றையும் பிளெண்டரில் போட்டு அரை நிமிடம் ஓட விட்டால் போதும். கரண்டியிலிருந்து தடையில்லாமல் ஓடும் அளவுக்கு நீர்க்க இருக்கும், இவ்வளவு தண்ணியா என்று பதறி இன்னும் மைதா போட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது. அரை மணி நேரம் மாவு சும்மா இருந்தால் மைதா நன்றாக ஊறும், நேரமில்லாவிட்டால் உடனே ஊற்றினாலும் வரும்.

ட்ரே விஷயத்துக்கு வருகிறேன். பாப்ஓவர் ட்ரேயில் கிண்ணங்கள் ஆழமாக, செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இடைவெளியோடு இருக்கும். ஆழம் உயரத்தைத் தருகிறது. இடைவெளியால் சூடான காற்று எல்லாப் பக்கமும் சுற்றுகிறது. பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊரில் இருந்த கிரிஸ்வால்ட் கம்பெனி இதற்கென்றே வார்ப்பிரும்பு ட்ரே செய்தது, பழம்பொருள் கடைகளில் இப்போதும் கண்ணில் படும். ஆனால் பழகிக்கொள்ள மஃபின் ட்ரே போதும். ஒன்று விட்டு ஒரு குழியில் ஊற்றுங்கள், உயரம் சற்றுக் குறையும், ருசி குறையாது. விருந்துக்கு மட்டும் ஆறு குழி பாப்ஓவர் ட்ரே இரண்டு இருந்தால் வேலை சுலபம். ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டாவது ஒன்றுக்கு எல்லோரும் கை நீட்டுவார்கள்.

குழிகளில் தடவ வெண்ணெயைவிட நெய் மேல் என்பது என் உறுதியான கருத்து. காலி ட்ரேயை 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 230 செல்சியஸில், பத்து நிமிடம் காய வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் வெண்ணெயில் இருக்கும் பால் பகுதி கருகிக் கசக்கும். நெய்யில் அது ஏற்கெனவே நீங்கிவிட்டதால் தாங்கும். காய்ந்த ட்ரேயை எடுத்து, குழிக்கு அரை டீஸ்பூன் நெய் விட்டு, மாவைப் பாதிக்குச் சற்று மேல்வரை வேகமாக ஊற்றி உள்ளே வையுங்கள். சர்ரென்று சத்தம் கேட்டால் சூடு சரி. இருபது நிமிடம் 450. பிறகு கதவைத் திறக்காமலேயே 350-க்கு, அதாவது 175 செல்சியஸுக்கு இறக்கி இன்னும் பதினைந்து முதல் இருபது நிமிடம். முதல் இருபது நிமிடத்தில் கதவைத் திறக்கவே கூடாது, சுவர் இறுகுவதற்கு முன் சூடு விழுந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். கடைசி மூன்று நிமிடத்தில் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். கூரான கத்தியால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குத்து. உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறினால் சுவர் நனையாது. குளிர்ந்த ஓவனில் வைத்துத் தொடங்கும் முறை ஒன்றும் உண்டு, அதுவும் எழும்பும். நான் சூடான ட்ரே பக்கம்தான், ஓரத்தில் வரும் மொறுமொறுப்பு அதில்தான் எனக்குக் கிடைக்கிறது. டயலில் 450 என்று வைத்தாலும் பழைய ஓவன்களில் உள்ளே அந்தச் சூடு இருப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள்.

இரவு விருந்தோடு பாப்ஓவர் வைக்க நினைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதன் மூதாதையான இங்கிலாந்தின் யார்க்ஷயர் புட்டிங் பிறந்ததே இறைச்சியின் அடியில்தான். அடுப்பு நெருப்பின் முன்னே கம்பியில் சுழலும் இறைச்சியிலிருந்து கொழுப்பு சொட்டும். கீழே ஒரு தட்டில் மாவை ஊற்றி அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஹன்னா கிளாஸ் 1747-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் யார்க்ஷயர் புட்டிங் என்ற பெயரிலேயே செய்முறை இருக்கிறது. இறைச்சி விலை அதிகம் என்பதால் முதலில் இதைக் கிரேவியோடு பரிமாறி வயிற்றைப் பாதி நிரப்பிவிடும் வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் வந்தது, ஒரே தட்டுக்குப் பதில் தனித்தனிக் கிண்ணங்கள் வந்தன. நீங்கள் போன ஜோர்டன் பாண்ட் ஹவுஸில் இதன் மரபு 1890களில் அங்கே உணவகம் தொடங்கிய மக்கின்டயர் குடும்பத்திடமிருந்து வருகிறது. பழைய கட்டடம் 1979-ல் எரிந்துபோனது, நீங்கள் பார்த்தது பிறகு கட்டியது. அங்கே டீயோடு வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் வைக்கிறார்கள். ஆனால் சிக்கனோடு ஜாம் வேண்டாம். பாப்ஓவரைப் பிய்த்து அந்தப் பொந்துக்குள் சிக்கன் தட்டில் இறங்கிய கிரேவியை ஊற்றிச் சாப்பிடச் சொல்லுங்கள். மொறுமொறு ஓடும் உள்ளே இருக்கும் மெல்லிய முட்டைச் சவ்வும் அந்தக் கிரேவியைப் பிடித்துக்கொள்ளும்.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா என்றால், மாவை வைக்கலாம், பாப்ஓவரை வைக்கக் கூடாது. காலையிலேயே மாவை அடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து ஒரு கலக்குக் கலக்குங்கள். உங்கள் கைவேலை அதோடு முடிந்தது, மிச்சத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும். வேலை முடிந்து வரும் சாதாரண நாளிலும் சூடான ரொட்டி வைக்க முடிகிறதென்றால் அது இதனால்தான். பிசைய வேண்டாம், பொங்கக் காத்திருக்க வேண்டாம்.

சனிக்கிழமை ஏழு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். நாலு பவுண்டு கோழியை 425-ல் ஐந்து மணிக்கு முன்னதாகவே உள்ளே வையுங்கள். ஆறு மணி சுமாருக்கு வெந்துவிடும். தொடையின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டர் 165 காட்ட வேண்டும். கோழியை வெளியே எடுத்து ஃபாயிலால் தளர்வாக மூடிவிட்டு, ஓவனை 450-க்கு ஏற்றிக் காலி ட்ரேக்களை வையுங்கள். 6.20-க்கு மாவு உள்ளே. எப்படியும் வெந்த கோழி கொஞ்ச நேரம் ஆற வேண்டும், இல்லையென்றால் வெட்டும்போது சாறெல்லாம் பலகையில் போய்விடும். அந்த நேரத்தில் கிரேவியை முடித்துவிடலாம். 6.50-க்கு எல்லோரையும் உட்காரவைத்து சூப்பைக் கொடுங்கள். டாலஸ் நகரில் நீமன் மார்கஸ் கடையின் ஸோடியாக் ரூம் உணவகத்தில் இப்படி ஓர் ஏற்பாடு பல காலமாக உண்டு. உட்கார்ந்ததும் ஒரு குட்டிக் கோப்பையில் சிக்கன் சூப்பும் கூடவே பாப்ஓவரும் வந்துவிடும். உங்கள் வீட்டிலும் சூப் முடிகிற நேரத்தில் ட்ரே வெளியே வரட்டும். விருந்தாளிகள் இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது, பாப்ஓவர் காத்திருந்தால் தோலாகிவிடும். மிஞ்சினால் மறுநாள் காலை 350-ல் ஐந்தாறு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். மைக்ரோவேவில் மட்டும் வைக்க வேண்டாம். ஜாம் அப்போது வரட்டும்.

பச்சைமிளகாய், வெங்காயம் போன்ற நறுக்கிய எதுவும் மாவுக்குள் வேண்டாம். அவை அடியில் போய்த் தங்கும், ஈரம் விட்டு அந்த இடத்தை நைந்துபோக வைக்கும். பொடித்த மிளகு அரை டீஸ்பூன் தாராளமாகப் போடலாம், சிக்கன் கிரேவிக்கு அது பிரமாதமாகச் சேரும். சீஸ் வேண்டுமென்றால் நியூயார்க்கில் தொடங்கிய பிஎல்டி ஸ்டேக் உணவகத்தின் பாணியில் க்ரூயேர் சீஸைத் துருவி, மாவை ஊற்றிய பிறகு மேலே தூவுங்கள். ஆனால் முதல் விருந்துக்குச் சாதாரணமாகவே செய்யுங்கள் என்பேன்.

கடைசியாக உங்கள் மாமியார். முட்டை இல்லாமல் பாப்ஓவர் வராது. ஆவியைப் பிடித்து நிறுத்தும் சுவரே பெரும்பாலும் முட்டைதான், அதற்கு மாற்றாக வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவருக்கென்று அமெரிக்க பிஸ்கட் செய்யுங்கள். பிரிட்டானியா பாக்கெட்டில் வருவது இல்லை, தென் மாநிலங்களில் செய்யும் மெத்தென்ற சின்ன ரொட்டி. மைதா ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இதில் மூன்று டேபிள்ஸ்பூன் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக்கி விரலால் பிசிறி, அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவாக மோர் விட்டு, அழுத்திப் பிசையாமல் திரட்டி, ஒரு அங்குலக் கனத்தில் வெட்டி 450-ல் பன்னிரண்டு நிமிடம். சைவக்காரர் என்பதால் இதைக் கோழி உள்ளே போவதற்கு முன்பே, ஓவன் சுத்தமாக இருக்கும்போது சுட்டு, துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். சூப்பையும் காய்கறி வேகவைத்த தண்ணீரில் தக்காளி சூப்பாகச் செய்தால் அவருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் முடியும். பரிமாறும் நேரத்தில் பிஸ்கட்டைத் தோசைக்கல்லில் வைத்து, சிறு தீயில் மூடி, இரண்டு நிமிடம் சூடு காட்டினால் போதும்.

அன்புடன்,
அக்கா