நோட்டை நடுவில் வைத்துப் பேசுவது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். திருவிழாவைப் பற்றிக் கட்டுரை கொடுத்தால் எல்லா நோட்டிலும் உரைநூலின் அதே முன்னுரை, அதே முடிவுரை. இந்த ஆண்டு, முதலில் வீட்டுப் பேச்சிலேயே எழுதவும், பிறகு அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றவும் சொன்னேன். பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் மூத்த தமிழாசிரியரோ, "பொதுத்தேர்வில் குறிப்புகளைக் கொடுத்துத்தான் கட்டுரை கேட்கிறார்கள், சுமாராகப் படிக்கிற பிள்ளையை அந்தச் சட்டகம்தான் கரைசேர்க்கிறது, அதைக் கெடுத்துவிடாதீர்கள்" என்கிறார். என் கருத்தைப் பொதுவில் எழுத ஆசை. ஆய்வுப் பட்டம் இல்லாத வகுப்பாசிரியை எழுதலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. சில நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

தாராளமாக எழுதுங்கள். வாரந்தோறும் நோட்டுக்கட்டைத் திருத்துகிறவர்கள் வாய்மூடி இருப்பதால்தான், பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்ற பொதுப் புலம்பல் மட்டுமே நம் காதில் விழுகிறது. ஆனால் உங்கள் கருத்து இன்னும் முற்றவில்லை என்பதையும், அதற்குச் சான்று நீங்கள் அனுப்பிய பக்கங்களிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஊர்க் கோயில் கொடைவிழாவைப் பற்றி ஒரு மாணவி பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறாள்: "வில்லுக்காரவிய கதைய நிப்பாட்டுன பொறவும் எங்க ஆச்சி கண்ணத் தொடச்சிக்கிட்டேதான் இருந்தா." அடுத்த பக்கத்தில் அதுவே, "வில்லிசைக் கலைஞர்கள் கதையை நிறைவு செய்தனர். மக்கள் கண்கலங்கினர்" என்று ஆகியிருக்கிறது. ஆச்சியைக் காணோம். "கதையை நிறுத்திய பிறகும் எங்கள் ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்" என்பது பழுதில்லாத எழுத்துத் தமிழ்தான். அப்படி எழுதலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பேச்சில் எழுதச் சொன்னதால் ஆச்சி வந்தாள், மாற்றச் சொன்னபோது போய்விட்டாள் என்றால், உங்கள் முறையில் மீதியிருக்கும் வேலை முழுவதும் அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இருக்கிறது. உங்கள் கடிதமோ பிள்ளைகள் நிறைய எழுதுவதோடு நின்றுவிடுகிறது.

மூத்த ஆசிரியரைப் பற்றி. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் சொல்லும் எழுவகை மதங்கள், அதாவது நூல் எழுதுபவர் மேற்கொள்ளும் ஏழு கொள்கைகள், உங்களுக்குத் தெரிந்தவையே. உடன்படல், மறுத்தல் என்பவற்றை அடுத்து, "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு" என்று ஒன்றை வைக்கிறார். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு அதன் பிறகே விலக்குவது என்கிற இந்த ஒழுங்கு, தொழில்முறைக் கருத்து ஒன்றை உருவாக்கிக்கொள்ள இன்றைக்கும் போதுமானது என்பது என் துணிபு. உங்கள் மூத்த ஆசிரியர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வீட்டில் படிக்க உதவ ஆளில்லாத பிள்ளைக்குக் குறிப்புச் சட்டகம் ஒரு கைப்பிடி. எனவே ஒரு பருவம் ஒரே தலைப்பை இரு முறையிலும் எழுதவைத்து, நோட்டுகளைத் தேதியிட்டுப் பாதுகாத்து, அவரையும் திருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் கருத்தை விலக்கத் தோன்றினால், அப்போது விலக்குங்கள்.

பகிர்வதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டத்தில் பாட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். நீங்கள் நோட்டை நடுவில் வைத்துப் பேசுங்கள். பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர்கள் நாலைந்து பேர் போதும். அங்கே எழும் மறுப்புகளைக் கேட்ட பிறகு எழுதும் கட்டுரைக்குத் தனி உறுதி இருக்கும்.

பொதுவில் எழுதும்போது பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் மறைத்துவிடுங்கள். அவர்களிடமும் வீட்டாரிடமும் ஒப்புதல் கேளுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் முறையிலும் எழுத வராமல் போன பிள்ளைகளின் நோட்டுகளைக் கட்டாயம் சேருங்கள். அவர்களுக்கு ஏன் வரவில்லை என்பது அந்த மூத்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்கக்கூடும்.