கணவருக்குக் கல்லீரல் தானம்: மனைவியா, மகனா?

தென்காசியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவருக்கு 52 வயது, 70 கிலோ, பி பாசிட்டிவ். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் அடிக்கடி நீர் கோர்க்கிறது. மாற்று அறுவைதான் வழி என்கிறார்கள். எனக்கு 44 வயது, ஓ பாசிட்டிவ், ஸ்கேனில் ஃபேட்டி லிவர். மகனுக்கு 22, பி நெகட்டிவ். கல்யாணமாகாத பையன் வயிற்றில் கத்தி வைக்கக்கூடாது என்கிறார் மாமியார். யார் கொடுப்பது? கொடுத்தவர் பழையபடி வேலை செய்ய முடியுமா?"

ரத்த வகைப்படி இருவருமே கொடுக்கலாம். ஓ வகைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம். கல்லீரலைப் பொறுத்தவரை பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் தடையில்லை.

உங்கள் விஷயத்தில் முக்கியம் ஃபேட்டி லிவர்தான். கொழுப்பு லேசாக இருந்தால் அதோடு கதை முடிந்துவிடாது. சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, தினமும் வேர்க்க நடந்தால் பலருக்குச் சில வாரங்களிலேயே குறைகிறது. அப்புறம் மறுபடி பரிசோதிப்பார்கள். பட்டினி வேண்டாம். கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற சூரணம், லேகியம் பக்கமே போகாதீர்கள். அவற்றில் சில கல்லீரலையே கெடுக்கக் கூடியவை.

அடுத்தது அளவு. பெறுபவரின் எடையில் சுமார் 0.8 சதவீதமாவது கல்லீரல் கிடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் கணவருக்கு அது 560 கிராம். அதனால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலப்பக்கத்தைத்தான் எடுப்பார்கள். அது மொத்தக் கல்லீரலில் 60 முதல் 65 சதவீதம். கொடுப்பவரிடம் குறைந்தது 30, 35 சதவீதம் மிஞ்ச வேண்டும். இரண்டையும் சி.டி. ஸ்கேனில் அளந்து பார்ப்பார்கள். கட்டுமஸ்தான ஆளுக்குக்கூட வலப்பக்கம் மட்டும் மிகப் பெரிதாக இருந்து, மிஞ்சுவது போதாமல் போய்விடலாம். ஆகவே யார் கொடுப்பது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு மருத்துவமனைக்குப் போவது தலைகீழ் வேலை. என் யோசனை: முதலில் உங்களுக்குப் பரிசோதனை நடக்கட்டும், ஒத்துவராவிட்டால் மகனுக்கு. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். நீங்களும் கணவரும் ஒரே நேரத்தில் படுக்கையில் இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் யார்?

ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலப்பக்கம் கொடுப்பவர்களில் 200 முதல் 500 பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்பதே உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. பித்தநீர் கசிவு, கிருமித்தொற்று, தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் போன்றவை அதைவிட அதிகம். "உங்களிடம் தானம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?" என்று அறுவை நிபுணரிடம் நேராகவே கேளுங்கள்.

கொடுப்பவர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீடு திரும்பலாம். கூடவே பித்தப்பையையும் எடுத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் வாழலாம். மிஞ்சிய கல்லீரல் இரண்டு மூன்று மாதங்களில் பெருமளவு வளர்ந்துவிடும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. அப்புறம் பழைய வேலைதான், ஆயுள் முழுக்க மாத்திரை ஒன்றும் கிடையாது. மாமியாரிடம் சொல்லுங்கள்: கல்யாணத்துக்கோ குழந்தைப் பேற்றுக்கோ இது தடையில்லை. இது புதிய சிகிச்சையும் இல்லை. 1998-லேயே டெல்லியில் காஞ்சிபுரத்துக் கைக்குழந்தை ஒன்றுக்கு அதன் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டது.

வாழ்நாள் மாத்திரை உங்கள் கணவருக்குத்தான். புதுக் கல்லீரலை உடம்பு ஏற்காமல் தள்ளிவிடாதிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் போன்றவற்றை மணி தவறாமல் சாப்பிட வேண்டும். மருந்தளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். பம்பளிமாஸ் பழம் கூடாது, மருந்தின் அளவை ஏற்றிவிடும். மது அறவே கூடாது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நீங்களும் மகனும் அவருக்கு நெருங்கிய உறவினர்கள், கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால், அவருடைய சுய சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 விதிகள் தனியாகவே சொல்கின்றன. மனைவி என்றால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம், அதனால் அந்த விதி தேவைதான். மருத்துவர் உங்களிடமும் மகனிடமும் தனித்தனியாகப் பேசும்போது மனதில் பயம் இருந்தால் மறைக்காதீர்கள். கடைசி நிமிடத்தில்கூட வேண்டாம் எனலாம். அப்போது "உடல் தகுதி பொருந்தவில்லை" என்று மட்டும் மருத்துவர்கள் வீட்டாரிடம் சொல்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கிடையே மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கல்லீரல் பெறவும், மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை உண்டு. எவ்வளவு கிடைக்கும் என்று சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மகனின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். கல்யாண போட்டோவும் கேட்பார்கள்.