கையில் பச்சை இருப்பதற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியுமா?

கேள்வி: நான் கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்தவள், வயது 26. கோவையில் ஒரு நகைக்கடையின் வளையல் பிரிவில் 14 மாதங்களாக விற்பனையாளராக வேலை பார்த்தேன். என் வலது மணிக்கட்டின் உட்புறத்தில், இறந்துபோன அப்பாவின் மூன்றெழுத்துப் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன். வேலையில் சேரும்போதே அது இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்த கிளை மேலாளர், "வாடிக்கையாளருங்க முகம் சுளிக்கறாங்க, ஒண்ணு அதை அழிச்சுட்டு வாங்க, இல்லைன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். மத்தியப் படைகளிலேயே பச்சை குத்தியவர்களை எடுப்பதில்லை என்றும் சொன்னார். நான் எழுதித் தரவில்லை. செப்டம்பர் 8 முதல் வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லி, கைரேகைப் பதிவிலிருந்தும் என் பெயரை நீக்கிவிட்டார்கள். என் பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழும் அவர்களிடம் இருக்கிறது. முழங்கை வரை டாட்டூ உள்ள ஆண் ஊழியர் ஒருவர் அதே தளத்தில் இன்றும் வேலை செய்கிறார். அவர் மீது புகார் சொல்ல எனக்கு மனமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. சட்டத்தில் எனக்கு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ராஜினாமா எழுதிக் கொடுக்காமல் வந்தீர்களே, அதுதான் உங்கள் வழக்கின் பாதி பலம். ஆனால் அந்த வழி எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியது என் கடமை.

பச்சை குத்தியிருப்பதைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்று தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே நேர்காணலிலேயே உங்கள் கையைப் பார்த்துவிட்டு அந்தக் கடை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், உங்களுக்கு நான் தரக்கூடிய பதில் மிகச் சிறியதாக இருந்திருக்கும். ஆனால் கடை உங்களை எடுத்துக்கொண்டது, 14 மாதங்கள் வேலை வாங்கியது, அந்தக் காலம் முழுவதும் அதே மணிக்கட்டால்தான் நீங்கள் வளையல்களை எடுத்துக் காட்டினீர்கள். வேலையில் சேர்ப்பதற்கு முன் முதலாளிக்கு இருக்கும் சுதந்திரமும், சேர்த்துக்கொண்டவரை வெளியே அனுப்ப அவருக்கு இருக்கும் அதிகாரமும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

அந்தச் சட்டம், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் பணிபுரிந்த ஒருவரை நிறுத்த வேண்டுமானால், நியாயமான காரணம் இருக்க வேண்டும். அதோடு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ கொடுக்கப்பட வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்த ஒரே ஒரு வழிதான் உண்டு: ஊழியர் மீது ஒழுங்கீனக் குற்றச்சாட்டு சுமத்தி, அதற்கென நடத்தப்பட்ட விசாரணையில் பதிவான போதிய சாட்சியத்தால் அது மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் முன்னறிவிப்பு இல்லை, ஈட்டூதியம் இல்லை, குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை, விசாரணையும் இல்லை. கைரேகை இயந்திரத்திலிருந்து பெயரை நீக்குவது விசாரணை ஆகாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. விற்பனைப் பிரிவில் நிற்கும் உங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

நியாயமான காரணம் எது என்று சட்டம் பட்டியலிடவில்லை. அங்கேதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதாடுவார். அவருடைய வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் முதலில் என்னிடமிருந்து கேட்பது நல்லது. வாடிக்கையாளர் முன் நிற்கும் ஊழியரின் உடை, தலைவாரல், நகை, தோற்றம் ஆகியவற்றுக்கு ஒரு ஒழுங்கு வைக்கக் கடைக்கு உரிமை உண்டு. அதை நீதிமன்றங்களும் எளிதில் மறுப்பதில்லை. அதிலும் வளையல் பிரிவில் வாடிக்கையாளரின் கண் விழுகிற இடமே விற்பனையாளரின் மணிக்கட்டுதான். இந்த வாதத்தில் சாரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒழுங்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்கு இணங்க ஊழியருக்கு ஒரு வாய்ப்பாவது தரப்பட்டிருக்க வேண்டும். மறைத்துக்கொண்டு வாருங்கள் என்பது தோற்ற ஒழுங்கு. அழித்துவிட்டு வாருங்கள் என்பது உடம்பின் மீதான ஆணை. லேசர் சிகிச்சையில் வலியும் செலவும் பல அமர்வுகளும் உண்டு. ஒரு நாளின் சில மணி நேரப் பணிக்காக வாழ்நாள் முழுவதும் உடம்பில் இருக்கிற ஒன்றை, அதுவும் தகப்பன் பெயரை, நீக்கச் சொல்லும் அதிகாரம் சம்பளம் கொடுப்பதால் வந்துவிடாது என்பதே என் உறுதியான கருத்து.

மத்தியப் படைகளைப் பற்றி மேலாளர் சொன்னது சரியல்ல. மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பு விதிகள் பச்சையை முற்றாகத் தடை செய்யவில்லை. மதச் சின்னம், பெயர் போன்றவை அனுமதிக்கப்படுகின்றன. மரபாகப் பச்சை குத்திக்கொள்ளும் இடங்களான முன்கையின் உட்புறத்திலோ (அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில் மட்டும்) புறங்கையிலோ இருக்கலாம். அளவு அந்த உடற்பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்களுடையது வலது கை என்பதால் அங்கே உங்களுக்குச் சிக்கல் வந்திருக்கும் என்பது உண்மை. ஆனாலும் கவனியுங்கள்: துப்பாக்கி ஏந்தும் படையே எது கூடும், எங்கே கூடும், எவ்வளவு கூடும் என்று எழுதிவைத்து, விண்ணப்பிப்பதற்கு முன்பே அறிவித்துவிடுகிறது. அந்த ஒப்பீட்டை மேலாளர் மேல்முறையீட்டு விசாரணையில் எழுப்பினால், அது உங்களுக்கே உதவும்.

அரசியல் சாசனத்தைக் கையில் எடுக்கலாமா என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். ஒருவரின் தோற்றமும் உடைத் தேர்வும் கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் திருநங்கையர் உரிமை வழக்கில் கூறியது. 19, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023 ஜனவரியில் ஓர் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை கூறியது. இருந்தாலும் உங்கள் வழக்கை அதன்மேல் கட்ட வேண்டாம் என்பேன். 41ஆவது பிரிவு நேரடியானது, செலவு குறைந்தது, உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கேட்டு முடிக்கக்கூடியது.

அந்த ஆண் ஊழியர் விஷயம் தனியாகக் கவனிக்கத் தக்கது. ஒரே வகையான வேலையில் இருப்பவர்களுக்கிடையே பணி நிபந்தனைகளில் பாலின அடிப்படையில் வேறுபாடு காட்டுவதை ஊதியங்கள் சட்டத் தொகுப்பு, 2019இன் 3ஆவது பிரிவு தடை செய்கிறது. அதற்கு முன்பிருந்த 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும் இதையே சொன்னது. முழங்கை வரை டாட்டூ உள்ளவரிடம் சுளிக்காத வாடிக்கையாளர் முகம், மூன்று எழுத்துகள் உள்ள உங்கள் மணிக்கட்டைப் பார்த்து மட்டும் ஏன் சுளித்தது என்று கடைதான் விளக்க வேண்டியிருக்கும். அவர் மீது புகார் சொல்வதாக இது ஆகிவிடக் கூடாது என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவருடைய பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை. அதே தளத்தில் அதே பணியில் உள்ள ஆண் ஊழியருக்கு இந்த விதி பொருத்தப்படவில்லை என்று எழுதினால் போதும்.

நம் கொங்குப் பகுதியில் பாட்டிமார் கைகளில் கோலமும் தேளும் புள்ளியுமாகப் பச்சை இருந்தது. அந்தக் கையோடுதான் அவர்கள் பருத்தி எடுத்தார்கள், சந்தையில் வியாபாரம் செய்தார்கள், இதே கோவைக் கடைவீதிகளில் பேத்திக்கு நகை எடுத்தார்கள். பச்சை என்றாலே நம் வாடிக்கையாளர் விலகிப்போவார் என்ற கூற்றுக்குக் கடை தரப்பு சான்று காட்ட வேண்டும். எந்த நாளில், யார், என்ன புகார் கொடுத்தார் என்று விசாரணையில் கேட்கத் தயங்காதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. இந்த வாரமே கடையின் உரிமையாளருக்கும் கிளைக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். சேர்ந்த தேதி, பணி, கடைசியாக வாங்கிய சம்பளம், செப்டம்பர் 8 அன்று யார் என்ன சொன்னார் என்பவற்றைக் கோபமில்லாமல் எழுதுங்கள். நான் ராஜினாமா செய்யவில்லை, பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் மணிக்கட்டைத் தோல் நிறப் பட்டையாலோ நீளக் கை ரவிக்கையாலோ மறைத்துக்கொள்ளச் சம்மதம் என்றும் சேர்த்து எழுதுங்கள். இது உங்களுக்குக் கசக்கலாம். ஆனால் மறைக்கவும் மறுத்தால், கடை அதையே கீழ்ப்படியாமை என்று குற்றச்சாட்டாக்கி, முறையான விசாரணை நடத்தி உங்களை நிறுத்த வழி கிடைத்துவிடும். சம்மதம் தெரிவித்த பிறகும் அவர்கள் மறுத்தால், நியாயமான காரணம் என்ற சொல்லைக் கடையால் தாங்கிப் பிடிக்க முடியாது. கடை பதிலுக்கு மெமோ அனுப்பினால் வாங்க மறுக்காதீர்கள், பதிலும் எழுதாமல் விடாதீர்கள். மீதிச் சம்பளத்துக்காகப் போகும்போது வெற்றுத் தாளிலோ, "கணக்கு முடித்துக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழோ கையெழுத்திடாதீர்கள். மிரட்டித்தான் எழுதி வாங்கினார்கள் என்று பிறகு மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை இத்தகைய வழக்குகளில் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பணி நியமன ஆணை தரப்படவில்லை என்றால் கவலை வேண்டாம். இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். கணக்கு, வங்கியில் சம்பளம் வரவான பதிவு, சீருடையில் எடுத்த படம், கடையின் வாட்ஸ்அப் குழுவில் வந்த பணி முறைச் செய்திகள் ஆகிய எல்லாம் தொடர்ச்சியான பணிக்குச் சான்று. பச்சை தெரியும்படி சேர்ந்த புதிதில் எடுத்த படம் ஒன்று இருந்தால் அது மிக முக்கியம். செய்திகளை அழித்துவிடாமல் அதே கைபேசியிலேயே வைத்திருங்கள். மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

மேல்முறையீடு 41(2)ஆம் பிரிவின் கீழ், கோவையில் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியான துணை ஆணையரிடம். அவருடைய முடிவே இறுதியானது. அதற்கு மேல் போவதானால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுதான். (கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டத்தவருக்கு அது சென்னையில்.) வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பே பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. கோவையிலோ ஈரோட்டிலோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். கடை ஊழியர் கேட்டு என்ன நடந்துவிடும் என்று மனம் தளர்ந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: நாள் முழுவதும் கால் கடுக்க நிற்கும் ஜவுளி, நகைக்கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இதே சட்டத்தில் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது.

அசல் சான்றிதழ் உங்கள் சொத்து. அதைப் பிடித்து வைக்கக் கடைக்கு எந்த உரிமையும் இல்லை. மேற்சொன்ன கடிதத்திலேயே ஏழு நாள் தவணை கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

மேல்முறையீட்டுக்கு விதி தரும் அவகாசம், வேலை நீக்க உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள். உங்களுக்கு எழுத்தில் உத்தரவே தரப்படாததால் அது எப்போது தொடங்குகிறது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்காமல், செப்டம்பர் 8இலிருந்தே எண்ணிக்கொண்டு, கடை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அக்டோபர் முதல் வாரத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.