பயர்பாக்ஸ் என்று மாற்றி வைத்தும் குரோமியம் திறப்பது ஏன்?

கேள்வி: பாம்பனில் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். என் பாஸ்வேர்டு எல்லாம் பயர்பாக்ஸில். ஆனால் தண்டர்பேர்டில் மெயில் லிங்க்கை அழுத்தினால் குரோமியம் திறக்கிறது. செட்டிங்ஸில் மாற்றி வைத்தாலும் மறுநாள் மறுபடி குரோமியம்தான். பயர்பாக்ஸை இரண்டு முறை அழித்துப் போட்டும் சரியாகவில்லை ஐயா.

பதில்: பயர்பாக்ஸை அழித்துப் போட்டது வீண் வேலை. எந்த பிரவுசர் திறக்க வேண்டும் என்ற குறிப்பு பயர்பாக்ஸுக்குள் இல்லை. அது உங்கள் ஹோம் ஃபோல்டரில், 'டாட் கான்ஃபிக்' என்ற மறைந்த ஃபோல்டருக்குள், 'மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட்' என்ற சின்ன ஃபைலில் இருக்கிறது. பயர்பாக்ஸை நூறு முறை நீக்கினாலும் அந்த ஃபைல் அசையாது.

முதலில் பழி யார் மேல் என்று பார்த்துவிடுவோம். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, ஏதாவது ஒரு தளத்தின் முழு முகவரியைக் கொடுங்கள். பயர்பாக்ஸ் திறந்தால் சிஸ்டம் சரி, கோளாறு தண்டர்பேர்டில். அதன் செட்டிங்ஸில் அட்டாச்மென்ட் பகுதியில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற வரிகளில் குரோமியம் உட்கார்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

டெர்மினலிலும் குரோமியம்தான் வந்தால் அந்த ஃபைலைத் தேடிப் போக வேண்டும். ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலோடு எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். ஃபைலைத் திறக்கும் முன் அதன் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கடைசியாக மாறிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்த உடனே சரியானதா, ஒரு நிமிடம்கூடச் சரியாகவில்லையா என்று நீங்கள் எழுதவில்லை. அதை இந்த நேரமே சொல்லிவிடும்.

நீங்கள் மாற்றியதற்குப் பிறகு, உதாரணமாக நேற்று மாலை நாலரை மணி என்று காட்டினால், யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார்? பெரும்பாலும் உங்கள் வாடிக்கையாளர். குரோமியம் திறக்கும்போது மேலே ஒரு பட்டை வந்து, 'என்னை டீபால்ட்டாக வைத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்கும். காற்று எப்படி இருக்கிறது, கடலுக்குப் போகலாமா என்று, கடல்நிலை முன்னறிவிப்பு தரும் இன்காய்ஸ் பக்கத்தைப் பார்க்க அவசரமாக வந்தவர் அதையா படித்துக்கொண்டிருப்பார்? கண்ணில் பட்ட பட்டனை அழுத்திவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு கிளிக் போதும்.

மாறாக, நேரம் பல மாதம் முன்னால் நின்றுபோயிருந்தால் உங்கள் மாற்றம் ஃபைலுக்குள் போகவே இல்லை. பெர்மிஷன்ஸ் பக்கத்தில் ஓனர் யார் என்று பாருங்கள். 'ரூட்' (சிஸ்டத்தின் நிர்வாகிக் கணக்கு) என்று இருந்தால், எப்போதோ யாரோ சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, ஏதோ கட்டளை ஓட்டியிருக்கிறார்கள். இணையத்தில் கண்டதையெல்லாம் சூடோவோடு ஒட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. சரிசெய்ய டெர்மினல் வேண்டாம். ஃபோல்டர் உங்களுடையது என்பதால், உள்ளே இருக்கும் ஃபைல் ரூட்டுடையது என்றாலும் நீங்கள் பெயர் மாற்றலாம். பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்துவிட்டு, செட்டிங்ஸில் மறுபடி பயர்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பெயரிலேயே புது ஃபைல் உருவாகும். ஓனர் நீங்கள்தான் என்றால் டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கவும்.

எக்ஸ்எஃப்சிஇயில் இன்னொரு வம்பு உண்டு. டீபால்ட் அப்ளிகேஷன்ஸ் ஜன்னலில் 'இன்டர்நெட்' என்று ஒரு டேப், 'அதர்ஸ்' என்று இன்னொன்று. முதலாவதில் மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுகிறோம். இரண்டாவதில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று மூன்றையும் தேடிப் பாருங்கள். கடைசி வரி, டவுன்லோடு செய்து வைத்த ரசீதுப் பக்கங்களுக்கானது. அது விடுபட்டால் லிங்க் பயர்பாக்ஸிலும் ரசீது குரோமியத்திலும் திறக்கும்.

எல்லாம் சரியாகி பயர்பாக்ஸே திறந்தும் பாஸ்வேர்டுகளைக் காணோம் என்றால் பதறாதீர்கள். இரண்டு பயர்பாக்ஸ் இருக்கலாம்: மின்ட்டோடு வந்தது ஒன்று, சாப்ட்வேர் மேனேஜரிலிருந்து ஃபிளாட்பேக்காக, அதாவது தன் ஃபைல்களைத் தனியே வைத்துக்கொள்ளும் பொதியாக, போட்டது ஒன்று. இரண்டு முறை போட்டதாக எழுதியிருப்பதால்தான் சந்தேகம். முகவரிப் பட்டையில் 'எபவுட்' போட்டு, முக்காற்புள்ளி வைத்து, 'சப்போர்ட்' என்று அடித்தால் புரொஃபைல் ஃபோல்டர் எங்கே என்று காட்டும். அந்தப் பாதையில் 'டாட் வார்' என்று இருந்தால் அது ஃபிளாட்பேக். பழைய பாஸ்வேர்டு மற்றதில் பத்திரமாக இருக்கும். இருப்பதைப் பார்த்த பிறகு மட்டுமே ஒன்றை நீக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாஸ்வேர்டு இருக்கும் கணக்கில் வாடிக்கையாளரை உட்கார வைக்காதீர்கள். மின்ட்டில் லாகின் விண்டோ செட்டிங்ஸில், யூசர்ஸ் பக்கத்தில், கெஸ்ட் செஷனை அனுமதிக்க வழி இருக்கிறது. வந்தவர்கள் அதில் வேலை பார்க்கட்டும். லாக் அவுட் ஆனதும் அவர்கள் செய்தது, அழுத்தியது எல்லாம் அழிந்துவிடும், உங்கள் பயர்பாக்ஸும் இருந்த இடத்தில் இருக்கும்.