கூட்டுக்குள் இருக்கும் காசை வெளியே எடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் மூன்று பழங்காசுகள் இருக்கின்றன. ரோமப் பேரரசர் திபேரியஸின் வெள்ளிக்காசு, ராஜராஜ சோழனின் செப்புக்காசு, பழங்காலத்தில் வட இந்தியாவை ஆண்ட குஷானரின் பொற்காசு ஒன்று. மூன்றையும் அமெரிக்காவின் என்ஜிசி நிறுவனம் தரம் போட்டு மூடிய பிளாஸ்டிக் ஸ்லாபோடுதான் ஏலத்தில் வாங்கினேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், “தொடக்கூட முடியாத காசை எதுக்குப்பா வாங்கினீங்க?” என்கிறாள். ஸ்லாபை உடைத்தால் விலை பாதியாகிவிடும் என்கிறார் தேக்காவில் சந்திக்கும் நண்பர். கொஞ்ச நாளாகச் செப்புக்காசில் வெளிர்ப்பச்சையாக ஒரு புள்ளி வேறு தெரிகிறது. டிசம்பரில் கரூர் போகிறோம். அமராவதி ஆற்றில் கிடைக்கும் காசுகள் சிலவற்றை வாங்கிவரவும் ஆசை. என்ன செய்யலாம்?
- தெம்பனிஸ் வாசகர், சிங்கப்பூர்

பதில்: முதலில் அந்தப் பச்சைப் புள்ளி. பழஞ்செம்பில் பச்சை இருப்பது இயல்புதான். ஆனால் அது கெட்டியாக, வழுவழுப்பாக, காசோடு ஒட்டியிருக்க வேண்டும். சுண்ணாம்புப் பொடிபோல வெளிர்ப்பச்சையாகப் புதிதாகக் கிளம்பினால் அது செம்பை அரிக்கும் நோய். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் காசுக்குள் புகுந்த குளோரைடு உப்பு, ஈரமும் காற்றும் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவிகிதத்துக்கு மேல். அந்த ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகத்தான் செய்யும். அதனால் ராஜராஜன் காசை இந்த வாரமே வெளியே எடுங்கள். விலை போய்விடுமே என்று தயங்க வேண்டாம், அந்த வகைக் காசு நிறையவே கிடைக்கிறது.

எடுத்தபின் பல்குத்தும் குச்சியால் பொடியை மெதுவாகச் சுரண்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள். சில வாரங்களுக்கு அவ்வப்போது நீரை மாற்றுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, கேமராவுக்கு விற்கிறார்களே, அந்த டிரை கேபினெட்டில் ஈரப்பதம் 40 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். நோய் திரும்பி வரக்கூடும், மாதம் ஒருமுறை பாருங்கள். வீட்டில் யாராவது புளி போட்டுத் தேய்க்கிறேன், விபூதி போட்டுத் துலக்குகிறேன் என்று கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஆயிரம் ஆண்டுகளில் படிந்த மேற்பூச்சு பத்து நிமிடத்தில் போய்விடும். பிறகு எதைப் போட்டாலும் அது திரும்பாது.

பொற்காசைத் தொடாதீர்கள். தங்கத்துக்கு ஈரத்தால் ஆபத்தில்லை. குஷானர் பொற்காசில் போலிகளும் அதிகம். நாளை விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் ஸ்லாபுக்குள் இருக்கும் என்ஜிசி சீட்டை நம்பித்தான் பணம் தருவார். உங்கள் நண்பர் சொன்னது இந்தக் காசுக்குப் பொருந்தும். உடைத்துவிட்டு மறுபடி தரம் போட அனுப்பினால் கட்டணமும் அஞ்சல் செலவும் உண்டு. பழைய தரமே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

திபேரியஸ் காசு? எடுங்கள் என்றுதான் சொல்வேன். விற்பதற்காக வாங்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர் திபேரியஸ். அவருக்கு முன் ஆண்ட அகஸ்டஸ், திபேரியஸ் இருவரின் வெள்ளிக்காசுகளும் தென்னிந்தியாவில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மிளகு வாங்க வந்த பணம். அப்படிப்பட்ட காசின் கனத்தை உள்ளங்கையில் உணர்வதும், சாய்வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் சேகரிப்பின் பாதி இன்பம். பிளாஸ்டிக்குக்குள் அது கிடைக்காது. படிப்பும் கிடைக்காது. செம்பின்மேல் வெள்ளி பூசிய அக்காலக் கள்ளக்காசா என்பது பெரும்பாலும் விளிம்பில்தான் தெரியும். வார்ப்பில் செய்த போலியைக் காட்டிக்கொடுக்கும் கோடும் அரத்தடமும் அங்கேதான் இருக்கும். என்ஜிசி சீட்டில் எடை அச்சிட்டிருக்கும். மகளை ஒரு சின்னத் தராசில் நிறுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்றே முக்கால் கிராமை ஒட்டி வரும்.

தரம் போடுகிறவர்களோடு எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. முத்திரை எப்படி விழுந்தது, மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று ஐந்துக்கு இத்தனை மதிப்பெண் போடுகிறார்கள். வெட்டு இருந்தால் குறை என்று எழுதுகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் வெட்டியிருக்கிறார்கள். நம் மண்ணில் யாரோ வேண்டுமென்றே போட்ட வெட்டு அது. எனக்கு அதுதான் அந்தக் காசுகளின் மிக முக்கியமான பகுதி. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் காசு வாங்கப் பிள்ளைகளைப் பழக்கிவிடக் கூடாது.

உடைக்கும் முன் ஸ்லாபை இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சான்று எண் தெளிவாகத் தெரியட்டும். ஏல ரசீதையும் சீட்டையும் காசோடு வைத்திருங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கலாம், ஓர் அதிர்ச்சியில் இரண்டாகப் போய்விடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, மேசைமேல் தடித்த துண்டை விரித்து, கட்டிங் பிளேயரால் ஸ்லாபின் மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தால் இரு பாதியும் தானாகப் பிரியும். அப்புறம், மகளிடம் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் காசின் விளிம்பைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், எப்போதும் துண்டுக்கு மேலே. புது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி உறையில் மட்டும் வைக்காதீர்கள்; நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள்.

கரூர் விஷயம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது. ஆற்றுமணலில் எடுத்தது என்று யாராவது கையில் திணித்தாலும் வாங்காதீர்கள். கரூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, மகளை அங்கே கூட்டிப்போங்கள்.